உப்புக்காற்றும் கூரைத் தகரமும்

நேயர்களே, பெற்றோர் சேர்த்துத் தந்த பணத்திலே பாடசாலைக்குக் கூரைத் தகரம் வாங்குகின்றோம். விலையைக் கேட்கிறோம்; நாகப்பூச்சின் கனத்தைக் கேட்பவர் அரியர். திருகோணமலையின் உப்புக்காற்று முதலில் அரிப்பது அப்பூச்சைத்தான். அது தீர்ந்ததும் இரும்பைப் பற்றும். ஆணித்துளையும் வெட்டிய விளிம்புமே முந்திச் சிவக்கும். ஆதலின் பூச்சில்லா ஆணி வாங்கிச் சில சதம் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். (எம்மவர் பலர் விரும்பிச் செய்வதும் அதுவே!)

சீனக்குடாவிலே ஆங்கிலேயர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுட் பல நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தவை. ஆயினும் 2022 ஜனவரி உடன்படிக்கை, எஞ்சிய 99 தாங்கிகளையும் புதுப்பித்துப் பயன்கொள்ளவே வழிவகுத்தது. தடித்த உருக்கின் பயன் அது.

மெல்லிய தகரத்துக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. துரு மேலோடு நின்றால், சுரண்டித் துத்தநாகத் தீந்தை பூசுங்கள். ஆணிமுனை பட்டதும் துளைவிழுந்தால், தீந்தைக்குச் செலவிடாது தகரத்தையே மாற்றுங்கள். அதன்கீழ் இருப்பவர் பிள்ளைகள்.