கேமரன்மலை: பூங்காவாக வளர்ந்த தேயிலைச் சரிவு

மலேசியாவில் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தித்திவாங்சா மலைத்தொடரின் மேல் அமைந்திருக்கிறது கேமரன்மலை. அதன் நிர்வாக நகரமான தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே கோல்ஃப் திடலின் புல்வெளி விரிந்து கிடக்கிறது. சுற்றிலும் எண்ணிட்ட காட்டுப் பாதைகள், பாரிட், ராபின்சன் அருவிகள், அவற்றுக்கு அப்பால் தேயிலைச் சரிவுகள். பார்ப்பவருக்கு இயற்கையாகத் தோன்றும் இந்த அடுக்கின் பெரும்பகுதி 1920-களிலும் 1930-களிலும் மனிதர்கள் வகுத்து உண்டாக்கியது.

1885-இல் அரசு நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்தப் பீடபூமியைப் பற்றிக் குறிப்பு எழுதினார். செமாய் பூர்வக்குடி மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் காடுகளில் வாழ்ந்தவர்கள் என்பதால், இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வது பொருந்தாது. அவருடைய குறிப்புக்குப் பின் ஏறக்குறைய 40 ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. 1925-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கே வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலத் திட்டம் வேகம் பிடித்தது. 1922-இல் திறந்த ஃப்ரேசர் மலை என்ற மலைவாசத்தலம் ஏற்கெனவே இருந்தாலும் அது சிறியது. சமவெளி வெயிலிலும் மலேரியாவிலும் களைத்துப்போன அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமாருக்கும் கப்பலேறி இங்கிலாந்து போகாமலே குளிர்ந்த காற்று கிடைக்க வேண்டும் என்பது அரசின் எண்ணம். தானா ராத்தாவில் விவசாய ஆய்வு நிலையம் அமைத்து தேயிலை, காப்பி, காய்கறி ஆகியவற்றைப் பயிரிட்டுச் சோதித்தார்கள். பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ஏறும் சாலை 1930-களின் தொடக்கத்தில் மேலே வந்து சேர்ந்தது. மலை பகாங்கில், அதற்கு வழி பேராக்கில்!

இந்தத் திட்டம் உருவான காலத்தை உலகப் பின்னணியோடு பார்க்க வேண்டும். நெரிசலான நகரத்துக்கு வெளியே, மரமும் திறந்தவெளியும் நடுவே வைத்துப் புறநகர்களைக் கட்டும் இயக்கம் அப்போது உச்சத்தில் இருந்தது. அதன் ஆதரவாளர்களில் ஒருவரான சார்லஸ் ரீட், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் கர்னல் லைட் கார்டன்ஸ் என்ற தோட்டப் புறநகரை வகுத்தவர். 1921-இல் அவர் கூட்டு மலாய் மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாக வந்தார். அதே பத்தாண்டில் சென்னையில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராகி, அதன் நடுவில் பனகல் பூங்கா அமைந்தது. தானா ராத்தாவின் புல்வெளியையும் நடைபாதைகளையும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்தே எண்ணலாம். ஒரு வேறுபாடு உண்டு. சென்னைப் பூங்கா அக்கம்பக்கத்தார் மாலையில் வந்து உட்காரும் இடம். கேமரன்மலையின் திறந்தவெளி முதலில் வெள்ளைக்கார விருந்தினருக்காகவே வகுக்கப்பட்டது. எல்லோருக்கும் உரியதானது பின்னால்தான்.

திடலும் விடுதிகளும் ஒரு பாதி என்றால், மறுபாதி தேயிலை. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்ற தொழிலதிபர், இலங்கைத் தேயிலை அனுபவம் கொண்ட ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துத் தோட்டம் போடக் கையில் இருந்தவை கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு ஸ்டீம் ரோலரும் ஆட்களும்தான் என்று நிறுவனம் தன் வரலாற்றில் சொல்லிக்கொள்கிறது. அந்தப் பட்டியலில் ஓரமாக ஒதுக்கப்படும் மூன்றாவது பொருள் ஆட்கள்! மரத்தை வெட்டி, வேர் பிடுங்கி, மண் சரியாமல் சரிவின் குறுக்கே வரிசை பிடித்துக் கன்று வைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவை. 1933-இல் பாரத் நிறுவனமும் தேயிலை பயிரிடத் தொடங்கியது. மலையின் வடக்கே புளூ வேலி தோட்டம் எழுந்தது.

தேயிலைச் சரிவின் அழகுக்குக் காரணம் அதன் வேலைமுறையே. விட்டுவிட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகக் கொழுந்தை ஓயாமல் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் செடி இடுப்பளவில் நின்று, மேல்பரப்பு மேசைபோலச் சமமாகும். செடிகளுக்கு இடையே நெளியும் கோடுகள், கொழுந்துக் கூடையோடு ஆள் நடந்துபோகும் இடைவழிகள். முன்பு கையால் கிள்ளினார்கள். பிறகு கத்தரி வந்தது. இப்போது சரிவு அனுமதிக்கும் இடங்களில் இருவர் பிடித்து இழுக்கும் இயந்திரம் வெட்டுகிறது. ஆட்களும் மாறிவிட்டார்கள். கொழுந்தெடுப்பவர்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். கோல்ஃப் திடலின் புல்லைப் போலவே இங்கேயும் ஒரு பருவம் கை ஓய்ந்தால் காட்சி கலைந்துவிடும். வரலாற்றுத் தோட்டங்கள் குறித்து 1981-இல் உருவான ஃபுளோரன்ஸ் சாசனம் அவற்றை உயிருள்ள நினைவுச்சின்னங்களாகக் கருதுவது இதனால்தான். கட்டடத்தைப் பூட்டிப் பாதுகாக்கலாம், தோட்டத்தை அப்படிப் பாதுகாக்க முடியாது.

மலேசியாவின் தேசிய மரபுச் சட்டம், 2005, ஓர் இடத்தை மதிப்பிடுவதற்கான அளவுகோல்களில் வரலாற்று முக்கியத்துவம், வடிவமைப்பு அழகு, தொழில்நுட்பம், சமூக, பண்பாட்டுத் தொடர்பு, அரிய தன்மை ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறது. கேமரன்மலை இவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும். ஆனால் மரபு என்றதும் எல்லோர் கண்ணிலும் படுபவை ஆங்கிலக் கிராமத்து வீட்டைப் போலக் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கும் பழைய விடுதிகள். 1937-இல் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் அவற்றில் பெயர்பெற்றது. அதன் அஞ்சலட்டைப் படம் எளிதில் விற்கும். தோட்டத்து லைன் வீடு, காலையில் ஆட்களைக் கூட்டிப் பெரட்டு எடுத்த களம், மாரியம்மன் கோவில், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றுக்கு அந்த வசதி இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இன்றும் தானா ராத்தா, ரிங்லெட், சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய இடங்களில் தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்குப் பின்னால் அந்தத் தோட்ட வாழ்க்கைதான் நிற்கிறது. சமூகத் தொடர்பு என்ற அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால், லைன் வீடு விடுதியைவிட முன்னால் நிற்கும்.

தேயிலை நிலத்தை மரபாக ஏற்பது புதிய கருத்தும் அல்ல. யுனெஸ்கோ 1992-இல் பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையை ஏற்றது. சீனாவின் ஜிங்மாய் மலையிலுள்ள பழந்தேயிலைக் காடுகள் 2023-இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது மலையேறும்போதே தெரியும். காய்கறி, பூச்செடிகளுக்கான பிளாஸ்டிக் கூரைகள் பள்ளத்தாக்குகளை வெள்ளையாக மூடியிருக்கின்றன. சரிவை வெட்டினால் மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. 1960-களில் உருவான ரிங்லெட் நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்துவருகிறது. 2013 அக்டோபரில் அந்த நீர்த்தேக்கத்தின் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. வேர் பிடித்த தேயிலைச் சரிவு மண்ணைக் கட்டிவைக்கிறது. ஆகவே பழைய தோட்டத்தைக் காப்பது அழகுக்காக மட்டும் அல்ல. மலேசியாவில் நிலம் மாநில அரசின் கையில் இருப்பதால், கூட்டரசு மரபுத் துறை தனியாக இதைச் செய்துவிட முடியாது. பகாங் அரசும் தோட்ட நிறுவனங்களும் உடன்பட வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. கேமரன்மலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் குடும்பங்களில் பழைய செக்ரோல் (வருகைப் பதிவு) தாள்கள், சம்பளச் சீட்டுகள், பள்ளி, கோவில் திருவிழாப் படங்கள் இன்னும் இருக்கக்கூடும். அவற்றைத் தேதியும் தோட்டத்தின் பெயரும் எழுதிப் படியெடுத்து, தேசிய ஆவணக் காப்பகத்திலோ அந்தந்தத் தமிழ்ப்பள்ளியிலோ சேர்த்து வைக்கலாம்.