புதியதையும் சோதியுங்கள்



பழமை என்பதற்காக எதையும் நம்பாதீர்கள் என்கிறோம். புதுமை என்பதற்காகவும் நம்ப வேண்டாம்.

கணையத்தின் தலைப்பாகத்தில் புற்றுக்கட்டி கண்டால், வயிற்றைப் பெரிதாய் அறுத்து அப்பாகத்தை எடுப்பது வழக்கம். சிறு துவாரங்கள் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்தி அதையே செய்ததாக 1994-ல் கனடா வைத்தியர்கள் எழுதினார்கள். காயம் சிறிது, ஆகவே நல்லதென்றே தோன்றும். ஹாலந்து வைத்தியர்கள் அப்படி நம்பிவிடவில்லை. கட்டியுள்ளவர்களைச் சீட்டுப்போட்டதுபோல் பிரித்து, இருமுறையும் செய்து பார்த்தார்கள். சிகிச்சைக் கோளாறுகளால் 90 நாட்களுக்குள் துவார முறையில் 50 பேரில் 5 பேரும், பழைய முறையில் 49 பேரில் ஒருவரும் மாண்டனர். இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் உயிர் விஷயமாதலால் பரீட்சையை இடையிலேயே நிறுத்தி, 2019-ல் கணக்கை உள்ளபடி பிரசுரித்தார்கள். அதே நாட்டில் கணையத்தின் வால்பாகத்திற்குச் செய்த பரீட்சையிலோ, துவார முறையில் 4 நாளிலும் பழைய முறையில் 6 நாளிலும் தேறினார்கள்.

எந்தப் பூசாரியாவது, "என் பரிகாரத்தை நம்பி மாண்டவர்கள் இத்தனை பேர்" என்று கணக்குக் காட்டியதுண்டா? பிழைத்தால் கடவுள் கிருபை, மாண்டால் தலைவிதி!

ஆகவே தோழர்களே, வைத்தியரையும் கேளுங்கள்: "இம்முறையில் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? எத்தனை பேர் பிழைத்தார்கள்?" இப்படிக் கேட்பது அவமரியாதையல்ல, அதுதான் பகுத்தறிவு.