சந்தையின் நாடி

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் குடியேறியுள்ள நம்மில் பலர், மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைப் பங்குகளில் இடுகிறோம். "குறியீட்டெண் ஏறியது" எனச் செய்தியில் கேட்டதும், நம் பணமும் ஏறியதாக மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி பொருந்துமா என ஆராய்வோம்.

மும்பைப் பங்குச் சந்தை 1875-ல் அமைந்தது. அதன் சென்செக்ஸ் 1986-ல் வெளிவரத் தொடங்கிற்று. 1978-79ஆம் ஆண்டின் மதிப்பை 100 எனக் கொண்டு, 30 பெரிய கம்பெனிகளை மட்டும் அளப்பது அது. தேசத்தின் தொழில்வளம் முப்பதில் அடங்குமா? ஆகவே 500 கம்பெனிகளைத் தழுவிய விரிந்த குறியீட்டெண் ஒன்றையும் 1999-ல் அச்சந்தை தொடங்கியது.

இவற்றில் எல்லாக் கம்பெனிகளுக்கும் சம இடம் இல்லை. நிறுவனர் கையில் தங்கியுள்ளவற்றை நீக்கி, சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்பையே இன்று கணக்கிடுகின்றனர். அம்மதிப்பு ஒரு கம்பெனிக்கு 900 கோடி, மற்றொன்றுக்கு 100 கோடி என வைத்துக்கொள்வோம். முன்னது 10 சதவீதம் ஏறி, பின்னது பாதியாகச் சரிந்தால், மொத்தம் 1,040 கோடியாகும். குறியீட்டெண் 100-லிருந்து 104-க்கு உயரும். சிறிய கம்பெனியில் பணம் போட்டவருக்கோ பாதி முதல் போயிற்று!

வட்டாரத்தின் மழையளவு போன்றது குறியீட்டெண். நம் வயல் நனைந்ததா என்பதை நாமே சென்று காணவேண்டும். ஊருக்குப் பணம் அனுப்பி, பிள்ளைகளின் படிப்புக்கும் ஒதுக்கியபின் எஞ்சியதே நம் முதல். அதை ஒரே கம்பெனியில் முடக்காது, பல தொழில்களில் பரப்பி வைப்போமாக.