புதுவையில் கண்மூடிய நாடக ஆசிரியர்
(ஜூபிலி விழா மாலையில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

நடிகர்கள் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் சில வார்த்தைகள்.

கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ள சங்கரதாஸ் சுவாமிகளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1867இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர். இளமையில் எமன், சனீஸ்வரன் வேடங்களில் நடித்தார். எமனைக் கண்டு மிரண்ட கர்ப்பவதி ஒருத்திக்குக் கரு கலைந்ததாம். அதன்பின் வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியராக அமர்ந்தார் என்பர். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை கண்டார். ஔவை சண்முகம் ஆறு வயதில் அங்கே சேர்ந்த பிள்ளைதான்.

கைகள் வெட்டுண்ட ஞானசௌந்தரிக்குத் தேவதாயின் தயவால் கைகள் மீண்ட கதை நம் பாட்டிமாருக்கு மனப்பாடம். அந்தக் கதையையும் சுவாமிகள் நாடகமாக்கினார். அவருக்கோ வாதநோய் வந்து கைகால் விழுந்தது, வாயும் அடைத்தது. ஊருக்கெல்லாம் வசனம் எழுதியவர் பேச்சற்றவராய்ச் சபையோடு வந்து, 1922 நவம்பர் 13 அன்று, பிரெஞ்சுக்காரர் ஆண்ட இந்தப் புதுவையில் கண்மூடினார். கூத்தாடிக்கு முகாம் போட்ட இடந்தானே வீடு!

இதை ஏன் சொல்கிறோம்? பந்தலுக்கும் வாணவேடிக்கைக்கும் கேட்டதைக் கொடுத்த நாம், நடிகர்களிடம்தான் பேரம் பேசினோம். பேசியவர்களில் முதல் ஆள் நாமே, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மழைக்காலம் வந்தால் அவர்களுக்கு மேடையும் இல்லை, கூலியும் இல்லை. குறைத்த தொகையை இன்று மாலை சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

நாடகம் விடிய விடிய நடக்கும். பாதியில் எழுந்து போகாதீர்கள். காலையில் முதல் பந்தி அவர்களுக்கு.