டிஸ்க்கை வாங்கலாம், படங்களை வாங்க முடியாது



போன மாதம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவே பத்து நிமிஷம் எடுத்தது. உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம். ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது என்று புரிந்தது. மறைந்த என் அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

ஸ்கேன், ரிப்பேர் எதுவும் ஓட்டவில்லை. போகிற டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை. முதலில் படங்களைப் பென் டிரைவில் எடுத்தேன். இரண்டு ஃபோல்டர்கள் திறக்கவே இல்லை. முன்பே ஒரு நகல் வைத்திருக்கலாம்.

அதன் பிறகுதான் செலவை யோசித்தேன். புதுக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. 240 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினேன். பழைய டிஸ்க்கின் அதே இரண்டு கேபிள்கள் அதற்கும் பொருந்தின. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென் டிரைவில் இலவசமாக இறக்கி நிறுவினேன். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்ததால் லைசென்ஸ் மறுபடி கேட்கவில்லை. ஒரு எச்சரிக்கை: படங்கள் வைத்த பென் டிரைவை இதற்கு எடுக்காதீர்கள். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் படங்களுக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.