மூட்டை போதும், வேலை கொடுங்கள்

அரிசி ஆலை நடத்தும் பெரியோர்களே, கமிஷன் மண்டிக்காரர்களே, உரக்கடை, விதைக்கடை வைத்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

ஈழத்திலிருந்து வந்த நம் சொந்தங்களுக்கு வணிகர்கள் என்ன செய்யலாம் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாம் வாசலில் ஐந்து மூட்டை அரிசியை இறக்கி, அதைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று படம் எடுத்துக்கொள்கிறோமே, அதை இன்றோடு நிறுத்துங்கள்!

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்தில் வீடு எரிந்து, பிள்ளையை இடுப்பில் சுமந்து படகில் வந்தவர்களுக்கு அன்று சோறு வேண்டியிருந்தது. சோறு போட்ட கைகளை வணங்குகிறேன். அன்று கைக்குழந்தையாக வந்தவருக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. 2009 மே மாதத்தில் அங்கே போரும் முடிந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் இன்னும் ஏறத்தாழ 58,000 பேர் இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள், இங்கேயே பட்டம் வாங்கியவர்கள். பட்டம் வாங்கியவர் பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறார். குடியுரிமை இல்லாததால் அரசு வேலை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையை விட்டுவிட்டது. அந்த அநீதியை டெல்லிதான் திருத்த வேண்டும்.

2021-இல் தமிழக அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,500 ரூபாய் ஆக்கியது. வரவேற்கிறேன். ஆனால் உதவித்தொகையை மட்டும் வைத்து ஒரு குடும்பம் நடக்குமா? நடக்காததால்தான் கிடைத்த கூலிக்கு வருகிறார்கள். "அகதிதானே, குறைத்துக் கொடுத்தால் போதும்" என்று சொல்லும் முதலாளிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்! குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொழிலாளி எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை. உங்கள் கணக்குப்பிள்ளை மட்டும் ஏன் கேட்கிறார்?

ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைப் பாருங்கள். அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு அது. கணக்கு எழுதவும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், ஒரு நிறுவனத்தையே நடத்தவும் தெரிந்தவர்கள் இவர்கள். இவர்களுக்கா மூட்டை தூக்கும் வேலை மட்டும்?

பெரிய கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஐந்து கோடி நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. வேலைக்கு உதவும் தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பூங்காவுக்குப் பெயர்ப்பலகை வைத்தது போதும். முகாம் இளைஞர்களுக்கு ஆலை மின்பணியும், இயந்திரப் பழுதுபார்ப்பும், கணினிக் கணக்கும் கற்றுக்கொடுங்கள். கற்றவரை நீங்களே வேலைக்கு வையுங்கள்.

திருச்சி கொட்டப்பட்டு முகாமும் வாழவந்தான்கோட்டை முகாமும் உங்கள் தஞ்சாவூருக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சம்பா அறுவடையில் உங்கள் ஆலைகளுக்கு ஆள் தேவைப்படும். ஆலைக்கு இரண்டு பேரையாவது அந்த முகாம்களிலிருந்து எடுங்கள். பதிவேட்டில் பெயர் எழுதி, மற்றவர்களுக்குத் தரும் அதே சம்பளத்தைக் கொடுங்கள். யார் யார் எடுக்கிறீர்கள் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் உங்கள் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்!