சின்ன இரைப்பை, சின்னக் கவளம்

 

வீட்டுக்கு யார் வந்தாலும், "சாப்பிட்டீர்களா?" என்றுதான் நாம் முதலில் கேட்போம். அடுத்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்போம். இது நல்ல பழக்கம். ஆனால் சிலருக்கு அந்த 'இன்னும் கொஞ்சம்' ஆபத்தாகிவிடும். அவர்கள் யார்? உடல் பருமனுக்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அவர்கள் எப்படிச் சாப்பிட வேண்டும்? வீட்டில் உள்ளவர்கள் எப்படி உதவ வேண்டும்? இதுதான் இன்றைய பேச்சு.

"இது பணக்காரர் வியாதி. நமக்கு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. 2019-21 ஆண்டுகளில் நாடு முழுவதும் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 24 பேருக்கு எடை அளவுக்கு மேல் இருந்தது. ஆண்களில் 100-க்கு 23 பேர். இவர்கள் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவை இல்லை. உணவு, நடை, மருந்து இவற்றால் பலர் தேறலாம். எடை மிகவும் கூடி, சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் போன்ற தொல்லைகளும் சேர்ந்தால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் ஆபரேஷனைச் சொல்கிறார்கள்.

இட்லிக்கார அக்கா

மும்பையில் தாராவி என்று ஓர் இடம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர் அங்கே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். அதிகாலையில் இட்லி அவித்து, நகரத்தில் கொண்டுபோய் விற்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. அப்படி ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மாவைத் தெருவில் எல்லோரும் 'இட்லிக்கார அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்காவுக்கு வயது 42. எடை 112 கிலோ. இரவு இரண்டு மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுவார். நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. நேரத்துக்குத் தூக்கமும் கிடையாது. மிஞ்சின வடை, மிஞ்சின இட்லி, நாலைந்து முறை டீ. அதுதான் ஆகாரம். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டார். முழங்கால் வலியால் நிற்க முடியவில்லை. பல முறை பட்டினி கிடந்து பார்த்தார். குறைந்த எடை மறுபடி ஏறிவிட்டது.

மருத்துவமனையில் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "வாயைக் கட்டினால் போதாதா? வயிற்றை ஏன் அறுக்கணும்?" என்றார்கள். அக்காவுக்கு அவமானமாக இருந்தது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "உடல் பருமன் ஒரு நோய். எடை குறைந்தால் உடம்பு பசியைக் கூட்டி, பழைய எடைக்கே இழுக்கும். இது உங்கள் குற்றம் இல்லை" என்றார்.

இரைப்பையில் என்ன செய்கிறார்கள்?

இரைப்பை ஒரு பை போன்றது. நிறைய நிறைய விரியும். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அந்தப் பையின் முக்கால் பங்கை அல்லது அதற்கும் மேலே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இதற்கு 'ஸ்லீவ்' ஆபரேஷன் என்று பெயர். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் போல நீளமாக இருக்கும். தொடக்கத்தில் அது 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். அதாவது ஒரு சின்ன டீ டம்ளர் அளவு. பசியைத் தூண்டும் சுரப்பும் குறைந்துவிடும்.

'பைபாஸ்' என்று இன்னொரு முறை உண்டு. அதில் இரைப்பையின் மேல் பகுதியை மட்டும் சின்னப் பையாகப் பிரித்து, சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பார்கள். அக்காவுக்குச் செய்தது ஸ்லீவ்.

இரைப்பை ஒரே நாளில் சிறிதாகிவிட்டது. ஆனால் கை பழைய கைதான். கண் பழைய கண்தான். வீட்டில் பரிமாறும் கரண்டியும் பழைய கரண்டிதான். தொல்லை அங்கேதான் தொடங்கியது.

படிப்படியாகச் சாப்பாடு

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. அக்கா அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தார். பள்ளிக்கூடம் போகும் மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள். அக்கா ஒரு நோட்டில் மெதுவாக எழுதிக்கொண்டார்.

முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், ஆடை எடுத்த பால். மருந்துக் குப்பியின் மூடியில் ஊற்றி, மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரம் கூழ் போன்ற உணவு. பருப்பு, முட்டை, காய் எல்லாவற்றையும் நன்றாக வேகவைத்து, மிக்சியில் மசித்துச் சாப்பிட வேண்டும்.

அதற்கும் அடுத்த இரண்டு வாரம் மெத்தென்ற உணவு. முள் எடுத்து உதிர்த்த மீன், தயிர், குழைந்த பருப்பு.

பிறகுதான் வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாடு. அதுவும் சின்னக் கிண்ணத்தில்.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அவரவர் மருத்துவர் சொல்வதே முடிவு. அக்கா முதல் நான்கு வாரம் ஒழுங்காக இருந்தார். என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று தினமும் நோட்டில் எழுதினார்.

மாமியார் வந்தார்

ஐந்தாவது வாரம் ஊரிலிருந்து மாமியார் வந்தார். மருமகளைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னளா இப்படி எளைச்சுட்ட? ரெண்டு இட்லியாவது தின்னு" என்று தட்டில் வைத்தார். "வேண்டாம் அத்தை, என்னால முடியாது" என்றார் அக்கா. "நான் ஆக்கிப் போட்டது பிடிக்கலையோ?" என்று மாமியார் முகம் வாடினார்.

அக்கா சாப்பிட்டார். விக்கியது. தண்ணீர் குடித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வாந்தி.

மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மாமியார் மனம் புண்படும் என்று அக்கா யாரிடமும் சொல்லவில்லை. பொதுக் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். சத்து மாத்திரையும் வயிற்றில் தங்கவில்லை. அதையும் நிறுத்திவிட்டார். ஆனால் நோட்டில் மட்டும் ஒரு சொல் எழுதி வைத்தார்: 'வாந்தி'.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் காலையில் பாதம் மதமதத்தது. நடந்தால் தள்ளாடியது. பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தது. இட்லிக் கொப்பரையைத் தூக்கப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கணவர் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அக்காவின் நோட்டை மகள் கையோடு எடுத்து வந்திருந்தாள். மருத்துவர் அதைக் காட்டச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். 'வாந்தி' என்ற சொல் வரிசையாக இருபது நாள் இருந்தது. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பி-1 என்று ஒரு சத்து உண்டு. நரம்புக்கும் மூளைக்கும் அது மிகவும் தேவை. உடம்பு அதை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைக்காது. தொடர்ந்து வாந்தி எடுத்தால் அந்தச் சத்து தீர்ந்துவிடும். கவனிக்காமல் விட்டால் நடையும் நினைவும் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். அன்றே பி-1 சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். இரைப்பையில் அடைப்பு உண்டா என்று குழாய் விட்டுப் பார்த்தார்கள். அடைப்பு இல்லை. அக்கா பிழைத்தார்.

பத்துக்குப் பத்து வீடு

மாமியார் அழுதார். "இட்லி மெத்தென்றுதானே இருக்கு? அது எப்படிக் கெடுதல் செய்யும்?" என்று கேட்டார். உணவு ஆலோசகர் அம்மாவுக்குத் தாராவி வீடுகள் தெரியும். அவர் சொன்னார்:

"உங்கள் வீடு பத்துக்குப் பத்து அடி. பத்து விருந்தாளிகள் ஒரே நேரத்தில் வந்தால் எங்கே உட்கார வைப்பீர்கள்? முக்கியமானவரை முதலில் உட்கார வைப்பீர்கள். மற்றவர்கள் பிறகு வருவார்கள். உங்கள் மருமகளின் இரைப்பையும் இப்போது அப்படித்தான். இரண்டு இட்லியை வேகமாகச் சாப்பிட்டால் இடம் போதாது. மேலே தண்ணீரும் குடித்தால் பொங்கி வெளியே வரும். இட்லியில் அரிசிதான் அதிகம். அது இடத்தைப் பிடித்துக்கொண்டால் முட்டைக்கும் பருப்புக்கும் இடம் ஏது?"

முதலில் உட்கார வேண்டியது புரதச் சத்து. சதை கரையாமல் இருக்கவும், புண் ஆறவும் அது தேவை. ஆபரேஷன் செய்தவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். முப்பது கிராம் பருப்பில் சுமார் 7 கிராம். தொடக்கத்தில் சாப்பாட்டில் மட்டும் இது கிடைக்காது. அதனால் மருத்துவமனையில் புரதப் பொடியும் தருவார்கள்.

அன்று முதல் அந்த வீட்டில் வழக்கம் மாறியது. மாமியாரே ஒரு சின்னக் கிண்ணம், ஒரு சின்ன ஸ்பூன் எடுத்து வைத்தார். முதலில் முட்டை அல்லது மீன். அடுத்து காய். இடம் இருந்தால் பாதி இட்லி. அக்கா ஒவ்வொரு கவளத்தையும் இருபது முப்பது தடவை மென்றார். சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம் ஆனது. அக்கா முடிக்கும்வரை யாரும் தட்டை எடுக்கவில்லை. "போதும்" என்று சொன்னால் யாரும் வற்புறுத்தவில்லை.

ஓராண்டு ஆயிற்று. இப்போது அக்காவின் எடை 84 கிலோ. நடுவில் தலைமுடி நிறையக் கொட்டியது. எடை வேகமாகக் குறையும்போது இது பலருக்கு நடக்கும். அக்காவுக்கு மறுபடி வளர்ந்துவிட்டது. தோல் கொஞ்சம் தொங்குகிறது. கல்யாண வீட்டில் இலை நிறையச் சாப்பிட முடியாது என்ற வருத்தமும் உண்டு. ஆனால் முழங்கால் வலி குறைந்தது. சர்க்கரை ஊசியை மருத்துவர் நிறுத்திவிட்டார்.

நினைவில் வையுங்கள்

1. புரத உணவு முதலில். காய் அடுத்து. சோறு, இட்லி, சப்பாத்தி கடைசியில்.

2. மெதுவாக மென்று தின்னுங்கள். வயிறு கனத்தால் உடனே நிறுத்துங்கள்.

3. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மடக்கு மடக்காக ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள்.

4. இனிப்பு, சோடா, எண்ணெய்ப் பலகாரம் தவிருங்கள். பைபாஸ் செய்தவர் இனிப்பு தின்றால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.

5. மது வேண்டாம். கொஞ்சம் குடித்தாலும் போதை வேகமாக ஏறும்.

6. சத்து மாத்திரைகளை வாழ்நாள் முழுதும் போட வேண்டும். கால்சியமும் இரும்புச் சத்தும் ஒன்றாக வேண்டாம். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையோடு டீ, காப்பி கூடாது.

7. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மருந்துகளின் அளவை மருத்துவர் மாற்றுவார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வலி மாத்திரையும் கேட்காமல் போடாதீர்கள்.

8. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது? தண்ணீர்கூட வயிற்றில் தங்காதபோது. வாந்தி நிற்காதபோது. கடும் வயிற்று வலி, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு வந்தால். கை கால் மதமதத்தால். மலம் கறுப்பாகப் போனால். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

மாமியார் ஊருக்குத் திரும்பிவிட்டார். தினமும் போன் பேசுகிறார். இப்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது, "சாப்பிட்டியாளா?" என்று இல்லை. "மாத்திரை போட்டாச்சாளா?" என்றுதான் கேட்கிறார்.



கலந்து பேசுங்கள்

1. அக்கா வாந்தியை ஏன் மறைத்தார்? நீங்கள் அந்த வீட்டில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

2. நோட்டில் எழுதிய ஒரு சொல் மருத்துவருக்கு எப்படி உதவியது?

3. உங்கள் வீட்டில் நேற்று சாப்பிட்ட உணவுகளை எழுதுங்கள். அவற்றில் புரதச் சத்து உள்ளவை எவை?